சிறு கல்குவாரியில் சுற்றுச்சூழல் நிபந்தனைகளைப் பேணும் முறை

தமிழ்நாட்டில் சிறு கல்குவாரி நடத்துபவர், சுற்றுச்சூழல் அனுமதி ஆணையின் நிபந்தனைகளை எளிய தமிழில் எழுதி, மேலாளர் முதல் டிப்பர் ஓட்டுநர் வரை அனைவரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். ஆணையை அலமாரியில் பூட்டி வைப்பதிலிருந்தே மீறல்கள் தொடங்குகின்றன என்பது என் கருத்து.

மிகுந்த கவனம் தேவைப்படுவது தூசிக்கே. 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள், 24 மணி நேரச் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே பாறையில் துளையிடும்போதே நீர் பாய்ச்சி, மண்பாதையில் காலையும் பிற்பகலும் தண்ணீர் தெளித்து, வெளியேறும் ஒவ்வொரு சுமையையும் தார்ப்பாயால் மூட வேண்டும். பாறையிலுள்ள சிலிக்கா என்னும் கனிமத்தின் தூசி தரும் நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை செய்வதில் சிக்கனம் பார்க்கலாகாது.

குத்தகை எல்லையை ஒட்டிய 7.5 மீட்டர் பகுதியில் கல் எடுக்காமல், வேம்பும் புங்கனும் நட்டு வளர்க்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில், குழியைச் சுற்றியுள்ள வடிகாலையும் வண்டல் தொட்டியையும் தூர்வார வேண்டும். குழியில் தேங்கிய நீரைத் தெளியவிடாமல் ஓடைக்கு இறைத்தால், கல்தூள் கீழேயுள்ள வயல்களில் படியும்.

நிபந்தனைகள் பின்பற்றப்பட்டதைக் காட்டும் அரையாண்டு இணக்க அறிக்கையை ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில், தேதியிட்ட படங்களுடன் அளிக்க வேண்டும்.