ஆறுகளின் வழியே மே ஹோங் சோன் மாகாணத்தை அறிந்துகொள்வது எப்படி?

தாய்லாந்தின் வடமேற்கு மூலையில், மியான்மரின் ஷான், கயா, கயின் மாநிலங்களை ஒட்டி அமைந்திருக்கும் மலை மாகாணம் மே ஹோங் சோன். இதன் வரலாற்றைப் பாங்காக்கிலிருந்து படிக்கத் தொடங்குபவருக்கு அது எங்கோ ஒட்டிவைத்த பின்னிணைப்பாகவே தோன்றும். ஆகையால் அரசர்களின் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, மலைகளும் ஆறுகளும் தெளிவாகத் தெரியும் வரைபடம் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் மூன்று ஆறுகளைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். பாய் ஆறு, பாய் நகரைக் கடந்து மேற்கே திரும்பி, மாகாணத் தலைநகருக்கு அருகே ஓடி, எல்லையைத் தாண்டி மியான்மரின் பேராறான சால்வீனில் கலக்கிறது. யுவாம் ஆறு தெற்கு நோக்கி இறங்கி மோய் ஆற்றைச் சேர, அந்த மோய் வடமேற்காகச் சென்று அதே சால்வீனை அடைகிறது. பக்கத்து மாகாணமான சியாங் மாயின் பிங் ஆறோ சாவ் பிரயாவாகி, பாங்காக்கைக் கடந்து தாய்லாந்து வளைகுடாவில் விழுகிறது. அரசியல் தலைநகர் ஒரு திசையிலும் தண்ணீர் மறு திசையிலும் இருப்பதே இம்மாகாணத்தின் அடிப்படைச் செய்தி என்பது என் கருத்து.

அடுத்து, ஊர்ப்பெயர்களைப் பிரித்துப் படியுங்கள். 'மே' என்றால் ஆறு, 'தோய்' என்றால் மலை, 'பான்' என்றால் ஊர், 'கூன்' என்றால் ஆற்றின் தலைப்பகுதி, 'சோப்' என்றால் ஓர் ஆறு மற்றொன்றில் கலக்கும் இடம். இந்த ஐந்து சொற்கள் தெரிந்தால் கூன் யுவாம், சோப் மோய் ஆகிய மாவட்டங்கள் எங்கே இருக்கும் என்பதை வரைபடம் பாராமலே சொல்லிவிடலாம். 'ஹோங் சோன்' என்பது யானைகளைப் பழக்கிய ஓடைக்கரையைக் குறிப்பது. 1831ஆம் ஆண்டளவில், சியாமுக்கு (தாய்லாந்தின் பழைய பெயர்) அடங்கியிருந்த சியாங் மாய் அரசர் காட்டுயானை பிடிக்க அனுப்பிய குழு அமைத்த முகாமிலிருந்தே இவ்வூர் வளர்ந்தது.

யானைக்குப் பின் வந்தது தேக்கு. (ஆங்கிலத்தில் இம்மரத்தின் பெயர், தென்னிந்தியத் 'தேக்கு' போர்த்துக்கீசியர் வழியாகப் போய்ச் சேர்ந்ததுதான்.) சால்வீன் படுகையில் வெட்டிய மரங்கள் ஆற்றோடு மிதந்து பிரிட்டிஷ் பர்மாவின் மோல்மீன் துறைமுகத்தை அடைந்தன. காட்டுக் குத்தகைகள் பற்றிய வழக்குகளும் எல்லைக் கொள்ளைகளும் பெருகவே, 1874இல் சியாமும் பிரிட்டிஷ் இந்தியாவும் கல்கத்தாவில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதே ஆண்டில் சியாங் மாய் அரசர், ஷான் இனத் தலைவர் ஒருவரைச் சிங்கநாத ராஜா என்ற பட்டத்துடன் இவ்வூரின் முதல் ஆட்சியாளராக அமர்த்தினார். இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படித்தால், எல்லை உறுதிப்பட்ட விதம் புரியும். தலைநகரில் தோய் கோங் மூ குன்றின் மேலுள்ள இரு வெண்ணிறத் தூபிகளில் பெரியது 1860இலும் சிறியது 1874இலும் எழுந்தவை. ஏரிக்கரையிலுள்ள சோங் கிளாங், சோங் கம் கோயில்களின் அடுக்குக் கூரைகளும் ஷான் மரபையே காட்டுகின்றன.

நேரில் செல்வதாயின் சியாங் மாயிலிருந்து 108ஆம் எண் சாலையில் புறப்பட்டு, தெற்கு வழியாக மே ஹோங் சோனை அடைந்து, பாய் வழியாக 1095ஆம் எண் சாலையில் சியாங் மாய்க்குத் திரும்பி வாருங்கள். பெரும்பாலோர் இதற்கு எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள். ஆனால் மே சாரியாங்கிலிருந்து கூன் யுவாம் வரை யுவாமின் ஓட்டத்தை எதிர்த்து ஏறும்போதுதான் மேலே சொன்ன நிலவமைப்பு கண்ணுக்குத் தெரியும். நவம்பர் மாதம் ஏற்றது. கூன் யுவாம் அருகே மே ஊ கோ மலையில் காட்டுச் சூரியகாந்தி பூத்திருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீயின் புகை மலைகளை மறைத்துவிடும். ஆயினும் ஷான் சிறுவர்கள் அலங்கரிக்கப்பட்டுத் துறவுநிலை ஏற்கும் போய் சாங் லோங் விழாவைக் காண விரும்புவோர் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோதான் வரவேண்டும்.

வழியில் கேட்கும் கதைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை இம்மலைகளினூடே பர்மாவுக்குச் சாலை அமைத்ததும், 1945இல் பின்வாங்கிய வீரர்கள் கூன் யுவாமில் தங்கியதும் உண்மை. அங்கே அதற்கெனக் காட்சியகமும் உள்ளது. ஆனால் பாய் நகரருகே எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் இரும்புப் பாலம் அவர்கள் கட்டியதன்று. அது 1970களில் சியாங் மாயின் நவரத் பாலத்திலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டது.