வீட்டிலேயே சோங்குக்ஜாங் செய்வது எப்படி?

கொரியாவின் புளித்த சோயா விழுதான தொயென்ஜாங் பக்குவமாக மாதக்கணக்கில் ஆகும். அதே நாட்டின் இன்னொரு புளித்த சோயா உணவான சோங்குக்ஜாங் இரண்டு மூன்று நாளில் தயார், அதுவும் உப்பில்லாமலே புளிக்கும். புதிதாக இறங்குபவர்கள் இதில் தொடங்குவதுதான் நல்லது.

அரை கிலோ சோயாவை ராத்திரி ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்தாலே நசுங்குமளவு குக்கரில் வேகவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள்.

அப்புறம் புளிக்கவைக்கும் கிருமி. கொரியக் கிராமங்களில் கூடையில் பரப்பி, நெல் வைக்கோலைச் செருகி, போர்வை சுற்றி, ஒண்டோல் எனும் சூடான தரையில் வைப்பார்கள். வைக்கோலில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாதான் வேலை செய்யும். ஆனால் கிடைக்கிற வைக்கோலில் என்ன மருந்து அடித்தார்களோ, கூடவே வேறென்ன கிருமி வருமோ! என் ஓட்டு இந்தக் கிருமி அடங்கிய ஸ்டார்ட்டர் பொடிக்குத்தான். இல்லையென்றால் ஜப்பானியப் புளித்த சோயாவான நாட்டோ ஒரு ஸ்பூன், அதில் இருக்கும் கிருமியும் அதே இனம்தான்.

இனிமேல்தான் பலருக்கும் காலை வாரும் இடம். சூடு 40 டிகிரி சொச்சம் இருக்க வேண்டும், இதை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள், காற்றைத்தான் மறந்துவிடுவார்கள். இந்தக் கிருமிக்குக் காற்று வேண்டும். டப்பாவில் கழுத்துவரை அடைத்து மூடியை இறுக்கினால் மேலே மட்டும் பூக்கும், அடியில் வெறும் அவித்த பயறு. அகலத் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, ஈரத்துணி போட்டு மூடுங்கள். தட்டு கொள்ளும் தயிர் மேக்கர் இருந்தால் அதுவே போதும், ஆனால் டிஸ்ப்ளேயை நம்பாமல் ஒரு தெர்மாமீட்டர் செருகிப் பாருங்கள்.

ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பயறின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபடும். லேசான அம்மோனியா வாடை பரவாயில்லை. பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

எதிர்ப்பு சக்தி கூடுமா? நூலாக இழுபடும் அந்தப் பசையில் உள்ள பாலிகுளூட்டாமிக் அமிலம் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுவதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் சிறியவை. சளியே வராது என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

பின்சேர்க்கை: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் இதைச் சாப்பிடலாமா என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். இதில் வைட்டமின் கே2 ஏராளம், மருந்தின் வேலையைக் குறைக்கும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

குழம்புக்கு கிம்ச்சி (கொரிய முட்டைகோஸ் ஊறுகாய்), டோஃபு (சோயா பனீர்) முதலில் கொதிக்கட்டும். சோங்குக்ஜாங்கை ஒன்றிரண்டாக இடித்துக் கடைசியில் போட்டு, இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. மீதியை ஒரு வேளைக்கு ஒரு உருண்டையாகப் பிடித்து ஃப்ரீசரில் போடலாம்.