ஒலுவில் தூண்டில் படங்கள் வெளுத்து வந்த சிக்கல்: என் அனுபவம்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களில் நின்று தூண்டில் வீசுபவர்களை மாரி காலத்தில் படமெடுத்து வருகிறேன். மப்பு நாட்களில் எடுத்ததெல்லாம் பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தன. கறுப்புச் சேட் சாம்பலாகத் தெரிந்தது. தூண்டில் நூல் தெரியவே இல்லை.

முதலில் வானத்தைத்தான் சந்தேகித்தேன். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, குறைத்தால் முகங்கள் இருண்டன, வெளுப்பு போகவில்லை. வைட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) மாற்றியும் பலனில்லை. கணினியில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் வானமெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. லென்ஸில் பூஞ்சணம் என்று ஒரு கடையில் சொன்னார்கள், அதுவும் இல்லை.

துப்புக் கொடுத்தது ஒரு படம். கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் கொக்கியில் இறால் குத்துகிறார், பின்னால் வெகுதொலைவில் ஒரு தோணி. இரண்டும் ஒரே அளவு வெளுத்திருந்தன. கடல் மூட்டம் என்றால் தூரத்தில் இருப்பதுதானே மங்கும், கிட்ட இருப்பது தெளிவாக அல்லவா இருக்க வேண்டும்? ஆக, கோளாறு காற்றில் இல்லை, கண்ணாடியில்.

லென்ஸுக்கு முன்னால் பாதுகாப்புக்கு மாட்டியிருந்த யூவி ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றி, டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்து அடித்தேன். நேரே பார்க்கும்போது சுத்தமாகத் தெரிந்த கண்ணாடி முழுக்க மெல்லிய உப்புப் படலம்! வாடைக்காற்றில் வந்த சாரல் காய்ந்தது. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு இன்னும் பரவும், கீறலும் விழும். ஃபில்டரை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். வெளுப்புப் போயிற்று. பெரிய நிம்மதி.

அப்புறம் கமெராவின் எக்ஸ்போஷர் அளவுகோலில் +2/3 கூட்டினேன். தொப்பிக்குக் கீழே முகமும் தெளிந்தது. இப்போது அலைதடுப்பில் நிற்கும்போதே அடிக்கடி டோர்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.