ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் கருப்பு படிகிறதா?

கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், முக்கியமாகக் கீழ்ப்பக்கம். சிந்திய பாலும் குழம்பும் அங்கேதான் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, பழைய டூத்பிரஷால் மடிப்புக்குள் தேயுங்கள். பிளீச் வேண்டாம், ரப்பர் விறைத்து வெடிக்கும். ஈரத் துணியால் துடைத்தபின் காய்ந்த துணியால் ஒற்றியெடுக்க மறக்காதீர்கள், ஈரம் நின்றால் பூஞ்சை திரும்ப வரும்.

பிறகு ஏதாவது ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வெளிக்காற்று உள்ளே போகிறது. கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், ஃப்ரீசரில் பனி கட்டும். வளைந்த ரப்பரை ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் இளக்கி நேராக்கலாம். கிழிந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லிப் புதிது வாங்குங்கள்.