திருகோணமலையில் வீகன் ஆகிறவர்கள் விடுகிற பிழைகள்

மீன், முட்டை, பால்மா எல்லாம் கூடாது என்பது தெரிந்த கதை. அதை விடுவோம். புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் காண்பது, நாங்கள் அந்தக் காலத்தில் ஆடிய அதே கூத்துகளைத்தான்.

கடைச் சம்பல்

மாசிக் கருவாடு இருக்கும். போடாததாகக் கேட்டு வாங்குங்கள்.

தேங்காய்ப்பால்

சொதிக்கு அருமை. பசும்பாலுக்கு ஈடு என்று நினைக்க வேண்டாம்: கொழுப்புத்தான் அதிகம், புரதமும் கல்சியமும் சொற்பம். கல்சியத்துக்கு எள், குரக்கன் பிட்டு. புரதத்துக்குப் பருப்பு, பயறு, கடலை.

‘எங்கட அம்மம்மாவும் சைவம்தானே!’

விற்றமின் பி12 குளிசை போடுங்கள் என்றால் வருகிற பதில் இது. இன்றைக்கும் கேட்டால் எரிச்சல்தான் வரும். அம்மம்மா மச்சம் தொடவில்லை, சரி. தயிர் இல்லாமல் ஒரு நாள் சோறு சாப்பிட்டாரா? காலையில் பால் தேத்தண்ணி, வெயிலுக்கு மோர். அவருக்கு பி12 வந்தது அந்த வழியால். நீங்கள் கிண்ணியாத் தயிர்ச்சட்டியையும் தள்ளி வைத்துவிட்டீர்களே!

பி12ஐ உண்டாக்குவது பக்டீரியா, மரஞ்செடி அல்ல. ஸ்பிருலினா என்ற பாசி மாத்திரையும் உதவாது. அதில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். ஈரலில் உள்ள பழைய இருப்பு சில வருடங்கள்கூடத் தாங்கும். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

உவர்மலையில் ஒரு தம்பி. “அண்ணா, உள்ளங்கால் ஒரே விறைப்பாக் கிடக்குது” என்றார். செருப்பை மாற்றினார். பிறகு சலரோகமாக்கும் என்று சீனி பார்த்தார். வல்லாரையும் முருங்கையும் தின்கிற ஆள். அந்தக் கீரைகளில் உள்ள ஃபோலேட் என்ற விற்றமின், பி12 குறைவால் வரும் இரத்தச்சோகையை மறைத்துவிடலாம், நரம்பு பழுதாவதைத் தடுக்காது. கடைசியில் பி12 பார்த்து ஊசி போட்டார்கள். விறைப்பு குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

வளர்ந்தவருக்கு நாளுக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் குளிசையில் உள்ளதெல்லாம் உடம்பில் சேராது. அதனால் பிரித்தானிய வீகன் சங்கம் சொல்லும் அளவு நாளுக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000. சலரோகத்துக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர்களும் பிள்ளைத்தாச்சிகளும் வைத்தியரிடம் கேட்டே ஆகவேண்டும்.

தேத்தண்ணி

சாப்பிட்ட கையோடு வேண்டாம், இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் பொறுங்கள். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்து விடுங்கள், இன்னும் நல்லது.

கோயில் பொங்கல்

நெய் இருக்கும். வாங்கிப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுங்கள். ஐயரோடு வாதாட வேண்டாம்.