உறைநிலத்தில் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைனஸ் 40 டிகிரி குளிரில் ஒரு கட்டடம் என்றால், உள்ளே இருப்பவர்கள் விறைத்துப்போகாமல் எப்படிக் காப்பது என்றுதான் எல்லோரும் முதலில் யோசிப்பார்கள். அதற்கு வழி இருக்கிறது: தடித்த சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி, நல்ல ஹீட்டர். பெரிய ஆபத்து அந்த ஹீட்டரின் சூடு கீழே இறங்குவதில்தான் இருக்கிறது.

அலாஸ்கா, வட கனடா, சைபீரியா ஆகிய இடங்களில் நிலத்தடி மண் பல மீட்டர் ஆழத்துக்கு உறைந்தே கிடக்கிறது. இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து பூஜ்ஜியம் டிகிரிக்கு மேல் போகாத நிலத்தை பெர்மாஃப்ராஸ்ட் என்பார்கள். இங்கே உறைமண் என்றே சொல்கிறேன். உறைந்திருக்கும்வரை கான்கிரீட் போல நிற்கும். பனிக்கட்டி நிறைந்த உறைமண் இளகினாலோ வெறும் சேறு.

முதல் தவறு, மேல்மண்ணை வழித்தெடுப்பது. வேறு எங்கே கட்டினாலும் புல்பூண்டை நீக்கிவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். 1942-ல் அலாஸ்கா நெடுஞ்சாலை போட்ட அமெரிக்க ராணுவமும் உறைமண் பகுதிகளில் புல்டோசரால் பாசியையும் செடிகொடியையும் வழித்துத் தள்ளியது. அந்தப் பாசிதான் நிலத்துக்குப் போர்வை. அது போனதும் கோடை வெயில் நேராகக் கறுப்பு மண்ணில் விழுந்தது; சாலை சேறாகி வண்டிகள் புதைந்தன. அப்புறம்தான் பாசியைத் தொடாமல் அதன்மேல் மரக்கட்டைகளை அடுக்கிச் சாலை போடக் கற்றார்கள்.

இரண்டாவது, சூடான கட்டடத்தை நேரே தரையில் உட்கார வைப்பது. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் பெரிய கட்டடங்களை உறைமண்ணில் ஆழமாக இறக்கிய தூண்கள்மேல் நிறுத்துகிறார்கள். தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்றோடும் இடைவெளி இருக்கும். மேலிருந்து கசியும் சூட்டைக் குளிர்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தைச் சும்மா கிடக்கிறதே என்று பலகை அடித்து மூடினாலோ, வெந்நீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ அங்கே ஒழுகுவதைக் கவனிக்காமல் விட்டாலோ, அத்தனை ஏற்பாடும் வீண். என் கணக்கில் வடிவமைப்புப் பிழையைவிட இந்தப் பராமரிப்புப் பிழைதான் மோசம். மெதுவாக நடக்கும், சுவரில் விரிசல் விடும்போதுதான் தெரியும்.

1977-ல் இயங்கத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்தில் பாதிக்கு மேல் தரைக்கு மேலே தூண்களில் போகிறது, ஏனென்றால் உள்ளே ஓடும் எண்ணெய் சூடு. பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த மூடிய குழாய்கள் உண்டு. அடியில் மண்ணின் சூட்டை வாங்கி அம்மோனியா ஆவியாகி மேலேறும். உச்சியில் குளிர்காற்று பட்டுத் திரவமாகித் திரும்ப இறங்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை; குளிர்காலம் முழுக்க மண்ணைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, பனிப்பரப்பை நிலம் என்று நம்புவது. அமெரிக்க ராணுவம் 1959-ல் கிரீன்லாந்தின் பனிக்குள் கேம்ப் செஞ்சுரி என்ற சுரங்க முகாமைத் தோண்டத் தொடங்கியது. பனியோ அழுத்தத்தில் மெல்ல நகரும் பொருள். சுவர்கள் நெருங்கி வர, செதுக்கிச் செதுக்கிப் பார்த்து 1967-ல் கைவிட்டார்கள். அண்டார்டிகாவில் பனித்தட்டின்மேல் 1983-ல் இந்தியா அமைத்த முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரியும் சில ஆண்டுகளில் பனியில் புதைந்துபோனது. காற்று ஒரு தடையில் மோதி வேகம் குறையும் இடத்திலெல்லாம் பனித்தூளைக் கொட்டிவிட்டுப் போகும். அடுத்து வந்த மைத்ரியும், 2012-ன் பாரதியும் பாறை நிலத்தில், கால்கள்மேல் நிற்கின்றன. காற்று அடியில் புகுந்து பனியைத் தள்ளிவிடும்.

சின்னத் தவறுகளும் உண்டு. சாதாரண எஃகு கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை பெறும். அறை வெப்பத்தில் சோதித்த பலத்தை நம்பிப் பளு ஏற்றக் கூடாது. சாதாரண லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். வெளியிலிருந்து கருவியை அப்படியே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் கோத்துக்கொள்ளும். வாசலுக்கு வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, உள்ளே வந்தபின் அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வைக்க வேண்டும்.