தமிழில் மாறிப் பெயர்கள்: முதலில் என்எஃப்சி

சொந்தமாகச் சின்னதொரு நிரல்மொழி எழுதி அதில் தமிழ்ப் பெயர்களையும் விடுகிறீர்கள் என்றால், லெக்சர் (நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி) ஒரு பெயரைப் பிரித்தெடுத்த கையோடு அதை யுனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தைப் பல விதமாகக் குறித்தாலும் ஒன்றாக்கும் சீர்வடிவம்) மாற்றி, பிறகு சிம்பல் டேபிளில் (பெயர்களைப் பதிந்து வைக்கும் அட்டவணை) போடுங்கள். ‘கிளிநொச்சி’யில் உள்ள ‘ொ’ ஒரே குறியாகவும் வரலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்கு வேறு வேறு பெயர், அப்புறம் ‘அறிவிக்கப்படாத மாறி’ என்ற பிழையோடு விடிய விடிய முழிக்க வேண்டியதுதான். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பைத்தானும் பெயர்களைச் சீராக்கித்தான் ஒப்பிடுகிறது, அங்கே என்எஃப்கேசி என்ற இன்னொரு சீர்வடிவம்.

மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள், அது எழுதியவருடைய தரவு. வன்னியில் கௌபிக் (தட்டைப்பயறு) கணக்குப் போடுகிறவர் ‘ௌ’வுக்குப் பதில் ‘ெ’யும் ‘ள’வும் அடித்துக் ‘கெளபி’ என்று மாறிக்குப் பெயர் வைத்தாலும் என்எஃப்சி உதவாது. அதற்குக் கம்பைலர் தனியாக எச்சரிக்க வேண்டும்.